இனிஷியல் எந்தக் கட்டத்தில் விழும்?

ப்ராக்ஸி என்றால் என்ன என்று நம் பாலிடெக்னிக்கில் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. முதல் பீரியடில் கடைசி பெஞ்சிலிருந்து குரலை மாற்றி "எஸ் சார்" போடும் கலையில் நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். (சிவில்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இரண்டாம் பரிசு உங்களுக்குத்தான்.) அந்த ப்ராக்ஸி, வராதவனை வந்தான் என்று சொல்லும். நான் எழுதப் போவது, எதிரே வந்து நிற்கிற ஒரு பெண்ணை "அப்படி யாரும் இல்லை" என்று சொன்ன ஒரு ப்ராக்ஸியைப் பற்றி.

போன மே மாதம் பயிற்சிக்காக ஒரு கல்வி அறக்கட்டளையின் கம்ப்யூட்டர் பிரிவில் நாலு வாரம் இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரே வளாகத்தில் மூன்று கல்லூரி, இரண்டு ஹாஸ்டல், ஒரு பெரிய நூலகம். சிஸ்டம்ஸ் பிரிவில் மொத்தமே இரண்டு பேர். அதில் ஒருவர் லீவிலேயே இருப்பார். இன்னொருவர் எனக்கு வாய்த்த அக்கா. முதல் நாள் "மேடம்" என்றேன். "அக்கான்னே கூப்பிடுங்க தம்பி, மேடம்னா எனக்கு யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு" என்று விட்டார். என்னிடம் அவர் கொடுத்த முதல் வேலை பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் மாற்றுவது. இரண்டாவது வேலைதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் தியரி. மற்ற டிபார்ட்மெண்ட்காரர்கள் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

டைரக்டரி என்பது டெலிபோன் டைரக்டரி மாதிரியே ஒரு ஆள் பட்டியல். எழுதுவது குறைவு, தேடுவது அதிகம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவு. பதிவுக்குள் பெயர், ஈமெயில், பாஸ்வேர்டு என்று விவரங்கள். அந்த ஒவ்வொரு விவரத்துக்கும் ஆட்ரிபியூட் என்று பெயர். 1988-ல் எக்ஸ்.500 என்று ஒரு பிரம்மாண்டமான தரநிலை வந்தது. உலகத்துக்கே ஒரு டைரக்டரி என்ற கனவு. சாதாரண கம்ப்யூட்டரில் அதை ஓட்டுவது யானைக்குச் சைக்கிள் பழக்குவது மாதிரி. அதனால் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் முதலானவர்கள் இளைத்த ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் எல்டாப். 1993-ல் முதல் ஆவணம் வெளியானது. இதில் ஒரு வேடிக்கை, எல்டாப் பிறந்ததே இடைத்தரகராகத்தான். இந்தப் பக்கம் எளிமையாகக் கேள்வி வாங்கி, அந்தப் பக்கம் எக்ஸ்.500 சர்வரிடம் அதன் பாஷையில் பேசும். தனியாகக் கடை போட்டது பிறகுதான். ஆக, ப்ராக்ஸி வேலை எல்டாப்புக்குப் பரம்பரைத் தொழில்.

சரி, ஆட்ரிபியூட் மேப்பிங் எதற்கு? நம் வீட்டிலேயே பாருங்கள். ஒரே மனிதர், எனக்குச் சித்தப்பா, அவர் அண்ணன் மகளுக்கும் சித்தப்பா, தங்கை மகனுக்கு மாமா. "மாமா எங்கே?" என்று அவன் கேட்டால் பாட்டி "எந்த மாமா?" என்று முழிப்பதில்லை. கேட்கிறவன் யார் என்று பார்த்து, சரியான ஆளைக் கூப்பிட்டுவிடுவாள். மேப்பிங் அந்தப் பாட்டி வேலைதான். நூலக மென்பொருள் 'யூஐடி' என்று கேட்கும். விண்டோஸ் டைரக்டரியில் அதே விஷயத்துக்கு 'சாம்அக்கவுண்ட்நேம்' என்று பெயர். ப்ராக்ஸி நடுவில் நின்று கேள்வியில் உள்ள பெயரை மாற்றி அனுப்பும், பதில் வரும்போது பழையபடி மாற்றித் தரும். கேட்டவருக்கு ஒன்றுமே தெரியாது.

அந்த வளாகத்தில் இரண்டு டைரக்டரி இருந்தது. மாணவர்களுக்கு ஓபன் எல்டாப். பல வருடம் முன்னால் யாரோ ஆர்வமான ஆசிரியர் போட்டது. அலுவலர்களுக்கு விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி. புதிதாக வாங்கிய நூலக மென்பொருளுக்கு ஒரே ஒரு டைரக்டரியைத்தான் பார்க்கத் தெரியும். அதனால் இரண்டுக்கும் முன்னால் ஓபன் எல்டாப்பையே ப்ராக்ஸியாக வைத்திருந்தார்கள். அதில் 'மெட்டா' என்று ஒரு பேக்எண்ட் உண்டு. பின்னால் எத்தனை சர்வர் இருந்தாலும் ஒரே மரம் மாதிரி காட்டும், ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக மேப்பிங் எழுதலாம். இதை அமைத்துக் கொடுத்தது வெளியிலிருந்து வந்த ஒரு வெண்டர். பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன் எடுப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானம், முதலாண்டு படிக்கிற ஹாஸ்டல் பெண் ஒருத்தி ரூம் வாசலில் வந்து நின்றாள். கையில் நூலக கார்டு பாரம்.

"அக்கா, லைப்ரரியில என் பேரே வரமாட்டேங்குதுங்க. ரெண்டு மாசமா கேட்டுட்டு இருக்கேன். அங்க போனா ஆபீஸுக்குப் போங்கறாங்க, ஆபீஸுக்குப் போனா இங்க போகச் சொல்றாங்க."

"பாஸ்வேர்டு தப்பா அடிக்கறியா கண்ணு?"

"இல்லீங்க்கா. வைஃபை எல்லாம் அதே பாஸ்வேர்டுலதான் வருது."

வைஃபை நேராக மாணவர் சர்வரைக் கேட்கிறது. நூலகம் ப்ராக்ஸி வழியாகக் கேட்கிறது. ஆக, கோளாறு நடுவில்தான். அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, லாக் பாருங்க."

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஓபன் எல்டாப்பில் லாக் லெவல் 256 வைத்தால், வந்த தேடல், போன பதில் எல்லாம் வரிவரியாக விழும். அந்தப் பெண்ணை மறுபடி லாகின் செய்யச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். தேடல் வந்திருக்கிறது. பதில் வரியில் இரண்டு விஷயம் இருந்தது. பிழை எண் 0. கிடைத்த பதிவுகள் 0.

அதாவது தப்பு ஒன்றுமே நடக்கவில்லை, ஆளும் இல்லை! பிழை எண் 32 என்றோ 49 என்றோ வந்திருந்தால் எவராவது கவனித்திருப்பார்கள். 32 என்றால் அப்படி ஒரு இடமே மரத்தில் இல்லை, 49 என்றால் பாஸ்வேர்டு தகராறு. இது இரண்டும் இல்லை. சர்வர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுக் கையை விரிக்கிறது. அதனால்தான் ரெண்டு மாசம் யாருக்கும் இது கோளாறாகவே படவில்லை.

இப்படி வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதே கேள்வியை எல்டாப்சர்ச் கமாண்டில் ப்ராக்ஸியிடம் ஒரு தடவை, பின்னால் உள்ள சர்வரிடம் நேராக ஒரு தடவை கேட்க வேண்டும். நேராகக் கேட்டேன். பெண்ணின் பதிவு முழுசாக வந்து விழுந்தது. (பெயர் தமிழில் இருந்ததால் ஆட்ரிபியூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு முக்காற்புள்ளியும் ஆங்கில எழுத்துக் குவியலும் வந்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்தை அந்தக் கமாண்ட் பேஸ்64 முறையில் காட்டும். உள்ளே யூடிஎஃப்-8 தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.) ப்ராக்ஸியிடம் கேட்டேன். பூஜ்யம்.

வெண்டரின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தோம். மாணவர் சர்வருக்கு உரிய பகுதியில் இரண்டு வரி கண்ணில் பட்டது.

மேப் ஆட்ரிபியூட் கிவன்நேம் ஸ்டூடன்ட்நேம்
மேப் ஆட்ரிபியூட் எஸ்என் ஃபாதர்நேம்

படிக்கும் முறை இது: முதலில் வருவது கேட்கிறவருக்குத் தெரிந்த பெயர், இரண்டாவது பின்னால் உள்ள சர்வரில் இருக்கிற பெயர். எஸ்என் என்றால் சர்நேம். நூலகம் சர்நேம் கேட்டால் அப்பா பெயரைக் கொண்டு வந்து கொடு என்று வெண்டர் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பதிவில் ஃபாதர்நேம் என்ற வரியே இல்லை.

எல்டாப்பில் காலி மதிப்பு கிடையாது. இந்த மாதிரிப் பெயர் ஆட்ரிபியூட்டில் ஒரு எழுத்தாவது இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த வரியே இருக்காது. நூலக மென்பொருளோ, 'இந்த யூஐடி உள்ள, எஸ்என் உள்ள ஆளைக் கொடு' என்று இரண்டு நிபந்தனை போட்டுத் தேடுகிறது. ப்ராக்ஸி அதை 'இந்த யூஐடி உள்ள, ஃபாதர்நேம் உள்ள ஆள்' என்று விசுவாசமாக மாற்றிக் கேட்கிறது. அப்பா பெயர் இல்லாத ஆள் தேடலில் விழவே இல்லை.

"உங்கப்பா பேரு பாரத்துல எழுதலயா கண்ணு?" என்றார் அக்கா, சும்மா கேட்கிற மாதிரி.

"எங்கம்மா பேருதானுங்க எனக்கு இனிஷியல்" என்றாள் அவள். குரலில் தயக்கமே இல்லை. நான்தான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் எல்லா மாணவர் பதிவிலும் ஃபாதர்நேம் இல்லாதவர்களைத் தேடினேன். ஏழு பேர். ஏழு பேருக்கும் நூலகம் கிடையாது. மற்ற ஆறு பேர் கேட்கக்கூட வரவில்லை.

இனி கொஞ்சம் இந்த சர்நேம் விவகாரத்தைப் பேசுவோம். எல்டாப்பில் ஒரு மனிதரைப் பதிவு செய்ய 'பெர்சன்' என்று ஒரு வகுப்பு உண்டு. அதில் இரண்டு ஆட்ரிபியூட் கட்டாயம். ஒன்று சிஎன், அதாவது பொதுப்பெயர். இன்னொன்று எஸ்என், சர்நேம். எக்ஸ்.500 காலத்திலிருந்து அப்படித்தான், 2006-ல் புதுப்பித்த ஆவணத்திலும் அப்படியே இருக்கிறது. 2000-ல் வந்த 'ஐநெட்ஆர்க்பெர்சன்' என்ற வகுப்பும் இதன் வாரிசுதான். ஆக, குடும்பப் பெயர் இல்லாதவர் எல்டாப் கணக்கில் மனிதரே இல்லை! தன் சொந்தப் பெயருக்கான கிவன்நேம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரியாம். குடும்பப் பெயர் மட்டும் வேண்டுமாம். ஆக்டிவ் டைரக்டரிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம், அவர்கள் எஸ்என்னைக் கட்டாயம் ஆக்கவில்லை.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? க. முருகன் என்று ஒருவர் இருப்பதாக வையுங்கள். முருகன்தான் அவர் பெயர். க. என்பது அவர் அப்பா கந்தசாமியின் முதல் எழுத்து. கந்தசாமி குடும்பப் பெயர் அல்ல, முருகனின் மகனுக்கு இனிஷியல் மு. என்று மாறிவிடும். ஒரு காலத்தில் நம் ஊரிலும் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருந்தது, அதை வேண்டுமானால் சர்நேம் என்று சொல்லலாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் அந்தப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். நம் தாத்தா பாட்டிகள் வெட்டிப் போட்ட வால் முளைத்திருந்த இடத்தில், இந்த எஸ்என் வந்து "இங்கே ஏதாவது எழுது" என்று நிற்கிறது.

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா அல்லது அம்மா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் அச்சடித்த டெலிபோன் டைரக்டரியில் சொந்தப் பெயர் வரிசையில்தான் ஆட்களைப் போட்டிருந்தார்கள். கெட்டிக்காரர்கள்.

வெண்டர் செய்ததைக் குற்றம் சொல்லவும் முடியாது என்று அக்கா சொன்னார். கார்டில் 'முருகன் கந்தசாமி' என்று அழகாக விழுகிறது, டெமோ காட்டின அன்றைக்கு எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். ஆனால் புத்தகம் திருப்பித் தராதவர்களுக்குப் போகும் கடிதத்தைப் பாருங்கள். அந்த மென்பொருள் மேல்நாட்டு மரியாதைப்படி சர்நேமைச் சொல்லித்தான் அழைக்கும். "அன்புள்ள கந்தசாமி, நீங்கள் எடுத்த ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகம்..." பாவம் கந்தசாமி, அவர் எங்கோ மஞ்சள் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்.

வெண்டருக்கு ஒரு சபாஷும் போட வேண்டும். கடைசி வரியாக 'மேப் ஆட்ரிபியூட் ஸ்டார்' என்று எழுதியிருந்தார். இதற்கு அர்த்தம், மேலே பெயர் சொல்லாத எந்த ஆட்ரிபியூட்டையும் வெளியே விடாதே. மாணவர் சர்வரில் அட்மிஷன் பாரத்தில் உள்ள சகலமும் இருந்தது. சாதி, பெற்றோரின் வருட வருமானம் உட்பட. கார்டு போடுகிற நூலகத்துக்கு அது எதற்கு? ஒரே ஒரு நட்சத்திரக் குறி அதையெல்லாம் மறைத்து வைத்திருந்தது. உங்கள் ப்ராஜெக்டில் இந்த வரியை மறக்காதீர்கள். ஆனால் போட்டீர்களானால் யூஐடி, மெயில், சிஎன் மாதிரி பெயர் மாறாமல் போக வேண்டியவற்றுக்கும் மேலே ஒவ்வொரு வரி எழுத வேண்டும், இல்லாவிட்டால் அவையும் போய்விடும்.

மாற்றுவதற்கு முன் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் சாரிடம் அனுமதி வாங்கப் போனோம். நல்ல மனிதர். ஆனால் பாரம் என்றால் பாரம்.

"அப்பா பேரில்லாம எப்படிங்க தம்பி? ஒரு கட்டம் காலியா இருந்தா ஆடிட்ல கேப்பாங்க. சும்மா ஏதாச்சும் ஒண்ணு போட்டு விட்ருங்க."

"என்னன்னு சார் போடறது?"

"ஒரு புள்ளி வைங்க. நாங்க அப்படித்தான் வைப்போம்."

அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. மாணவர் சர்வரிலும் எஸ்என் கட்டாயம் அல்லவா? அதில் எல்லோருக்கும் இனிஷியலை மட்டும் எழுதியிருந்தார்கள். முருகனுக்கு எஸ்என் 'க'. இந்த ஏழு பேருக்கு எஸ்என் வெறும் புள்ளி! இனிஷியல் பக்கத்தில் வைக்கிற புள்ளி, எழுத்து இல்லாமல் தனியாக.

அக்கா எதுவும் எதிர்த்துப் பேசவில்லை. லாக் ஷீட்டை அவர் மேஜையில் வைத்தார். "சார், இந்த ஏழு பேரும் லைப்ரரி பீஸ் கட்டியிருக்காங்க. ரெண்டு மாசமா உள்ள போக முடியல. நாளைக்கு ஒரு பேரண்ட் வந்து கேட்டா ஆடிட்டை விடப் பெரிய கேள்வி வரும்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "சரி, செய்ங்க. ஆனா பழைய ஃபைல ஒரு காப்பி எடுத்து வைங்க" என்றார். இது சிஸ்டம் அட்மின் பேசுகிற வாக்கியம், அவருக்குத் தெரியாமலே வந்துவிட்டது.

முதலில் நினைத்தது சுலபமான வழி. நூலகம் கார்டில் முதலில் கிவன்நேம், பிறகு எஸ்என் அச்சடிக்கிறது. அப்படியானால் எஸ்என் கேட்டால் மாணவனின் சொந்தப் பெயரைக் கொடுப்போம், கிவன்நேம் கேட்டால் மாணவர் சர்வரின் எஸ்என்னை, அதாவது இனிஷியலைக் கொடுப்போம். கார்டில் 'க முருகன்' என்று நம் வழக்கப்படியே விழும். கடிதத்திலும் "அன்புள்ள முருகன்" என்று வரும். ஆவணத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தால் இரண்டு கட்டமும் தலைகீழ். இனிஷியல் எப்படி கிவன்நேம் ஆகும் என்று மிச்சிகன்காரர்கள் கேட்கலாம். கந்தசாமி எப்படிக் குடும்பப் பெயர் ஆனார் என்று நாமும் திருப்பிக் கேட்கலாம்.

இப்படிச் செய்தால் ஏழு பேரும் தேடலில் வந்துவிடுவார்கள், ஏனென்றால் சொந்தப் பெயர் இல்லாதவர் யாரும் இல்லை. ஆனால் கார்டில் பெயருக்கு முன்னால் அந்தப் புள்ளி வந்து விழும். மேப்பிங்கால் பெயர்ப்பலகையைத்தான் மாற்ற முடியும், உள்ளே உள்ள சரக்கை மாற்ற முடியாது. 'புள்ளி இருந்தால் விட்டுவிடு', 'அப்பா பெயரில் முதல் எழுத்தை மட்டும் எடு' என்றெல்லாம் அந்த வரியில் சொல்ல வழியில்லை.

ஆகவே மூலத்தையே திருத்த முடிவு செய்தோம். ஐநெட்ஆர்க்பெர்சன் வகுப்பில் 'இனிஷியல்ஸ்' என்றே ஒரு ஆட்ரிபியூட் இருக்கிறது, கட்டாயம் இல்லாதது. (நம்ம ஆள் எவரோ கமிட்டியில் இருந்திருப்பாரோ என்று சந்தோஷப்பட்டேன். படித்துப் பார்த்தால் அது வேறு: ஒருவருடைய பெயர்களின் முதல் எழுத்துகள், சர்நேம் நீங்கலாக. இருந்தாலும் இடம் கிடைத்தால் துண்டு போட வேண்டியதுதானே.) ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, எல்லோருடைய எஸ்என்னில் இருந்த எழுத்தையும் இனிஷியல்ஸுக்குக் காப்பி செய்தேன். புள்ளி இருந்த ஏழை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த ஏழு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றது அக்காவின் யோசனை. என்ன கேட்பது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். "அப்பா யாரு, ஏன் இல்ல, எதுவும் கேக்காதீங்க தம்பி. கார்டுல உங்க பேரு எப்படி வரணும்னு மட்டும் கேளுங்க."

அப்படியே கேட்டேன். முதலில் வந்த பெண் அம்மாவின் எழுத்தைச் சொன்னாள், எதிர்பார்த்ததுதான். இன்னொரு பையனும் அம்மா எழுத்து. ஒருத்தன் அம்மா, பாட்டி இரண்டு பேர் எழுத்தும் வேண்டும் என்றான். வளர்த்தது பாட்டியாம், நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். ஒரு பெண் தன் ஊரின் முதல் எழுத்தைக் கேட்டாள். வட மாநிலத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிற ஒருவருக்கு இனிஷியல் என்ற சங்கதியே புதுசு, அவர் பள்ளிச் சான்றிதழில் ஒற்றைப் பெயர்தான். இல்லத்தில் வளர்ந்த ஒரு தம்பி ரொம்ப நேரம் யோசித்தான். "எதுவுமே இல்லாம வெறும் பேரு மட்டும் வருமாண்ணா? முன்னாடி புள்ளி வராதுல்ல?" என்றான். வராது என்றேன். ஏழாவது ஆள் கொஞ்சம் ஜாலிப் பேர்வழி. "அண்ணா, ஏ.ஆர்.னு போட முடியுமா?" என்றான். சான்றிதழில் இருந்தால் போடலாம் என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் வந்து அவனும் அம்மா எழுத்தையே சொன்னான்.

இனிஷியல் கேட்ட ஐந்து பேருக்கு அந்த எழுத்து போட்டோம். மற்ற இருவருக்கு இனிஷியல்ஸ் வரியே இல்லை. ஏழு பேருக்கும் எஸ்என்னில் இருந்த புள்ளியை எடுத்துவிட்டுச் சொந்தப் பெயரையே எழுதினோம், கட்டாயம் என்ற விதியும் தீர்ந்தது. ப்ராக்ஸியில் இப்போது இருப்பது இவ்வளவுதான்:

மேப் ஆட்ரிபியூட் எஸ்என் ஸ்டூடன்ட்நேம்
மேப் ஆட்ரிபியூட் கிவன்நேம் இனிஷியல்ஸ்

அதன் கீழே பெயர் மாறாமல் போகிற மூன்று, கடைசியில் அந்த நட்சத்திரம். ஒன்று கவனியுங்கள், ஒரு பெயருக்கு ஒரு ஜோடிதான். ஒரே எஸ்என்னுக்கு ஸ்டூடன்ட்நேம் ஒரு வரி, ஃபாதர்நேம் ஒரு வரி என்று இரண்டு எழுதி 'இது இல்லாவிட்டால் அது' என்று எதிர்பார்க்கக் கூடாது.

அலுவலர் பக்கம் அரை நாளில் முடிந்தது. யூஐடிக்கு சாம்அக்கவுண்ட்நேம், எஸ்என்னுக்கு அவர்கள் கிவன்நேம், கிவன்நேமுக்கு அவர்கள் இனிஷியல்ஸ், வகுப்புப் பெயரில் ஐநெட்ஆர்க்பெர்சனுக்கு யூசர். அங்கே இனிஷியல்ஸில் ஆறு எழுத்துக்கு மேல் போகாது, நமக்கு அது தாராளம்.

மாற்றிய மறுநாள் நூலகத்திலிருந்து ஒரு புகார். பெயர் பாதி அடித்துத் தேடினால் ரொம்ப மெதுவாக வருகிறதாம். காரணம் எளிது. இத்தனை நாளும் ஸ்டூடன்ட்நேமை வைத்து அப்படி யாரும் தேடாததால் மாணவர் சர்வரில் அதற்கு இண்டெக்ஸ் போடவில்லை. கேட்பவர் பக்கம் பெயர் மாறினாலும் தேடல் ஓடுவது பின்னால் உள்ள சர்வரில்தான், இண்டெக்ஸ் அங்கேதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்தி, இண்டெக்ஸ் போட்டு மறுபடி எழுப்பினோம். அன்றைக்கு அக்கா வீட்டிலிருந்து எனக்கும் தக்காளி சாதம் வந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் லாக் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் யூஐடி வந்தது. பிழை எண் 0, கிடைத்த பதிவு 1. அவள் என்ன புத்தகம் எடுத்தாள் என்று எல்டாப் சொல்லாது.

பயிற்சி முடிந்து கிளம்புகிற அன்று சூப்பிரண்டெண்ட் சார் அடுத்த வருட அட்மிஷன் பாரத்தின் ப்ரூஃப் காட்டினார். 'தந்தை பெயர்' என்ற இடத்தில் 'தந்தை / தாய் / காப்பாளர் பெயர்' என்று இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு கட்டம்: 'அடையாள அட்டையில் பெயர் வர வேண்டிய விதம்'. "இது உங்க கம்ப்யூட்டர்ல எங்க விழும் தம்பி?" என்றார். டிஸ்ப்ளேநேம் என்று ஒரு ஆட்ரிபியூட் இருக்கிறது சார், ஒருவருக்கு ஒன்றுதான் வைக்க முடியும், கட்டாயம் இல்லை என்றேன். கடைசி இரண்டு வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை.

செமினாருக்குத் தலைப்பு தேடும் ஜூனியர்களுக்கு ஒரு சேதி. நம் மெயின் லேபில் ஜன்னல் ஓரம் உள்ள கடைசி இரண்டு மெஷினில் இதே மாதிரி ஒரு ஓபன் எல்டாப் சர்வரும் அதற்கு முன்னால் ஒரு மெட்டா ப்ராக்ஸியும் அமைத்து வைத்திருக்கிறேன், போர்ட் 389. உள்ளே இருக்கும் ஆட்கள் எல்லாம் கற்பனை. முருகனும் இருக்கிறார், ஒற்றைப் பெயர்க்காரர் ஒருவரும் இருக்கிறார், அம்மா இனிஷியல் உள்ளவர் இரண்டு பேர். தேடலில் யார் வருகிறார், யார் வரவில்லை என்று மேப் வரிகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். தமிழ்ப் பெயரைத் தனியாக வைக்க சிஎன்னோடு 'லாங்-டிஏ' என்று மொழிக்குறி ஒட்டும் வசதியும் எல்டாப்பில் உண்டு. 2004-ல் வந்த ஆவணத்தில் இருக்கிறது. அதை ப்ராக்ஸி வழியாகக் கொண்டு வருவதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை, யாராவது எடுத்துக்கொள்ளலாம். ரூட் பாஸ்வேர்டு லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டு பாக்கி இல்லாதவர்களுக்கு மட்டும் தருவாராம்.